சாலை தள்ளுகிறதா, மண் இறங்குகிறதா? டிரைவ்வே, அஸ்திவார விரிசல்களை அறிகுறி வாரியாகக் கண்டுபிடித்தல்

கார் ஷெட் சுவரில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் முதலில் கூப்பிடப்படுபவர் பூச்சு வேலைக்காரர். வெட்டி, கலவை அடைத்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த கோடை முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் விரிசல் வரும். சுவரில் தெரியும் விரிசலுக்குக் காரணம் வாசலில் இருக்கலாம். டிரைவ்வே (சாலையிலிருந்து கார் ஷெட் வரை வண்டி வரும் காங்கிரீட் தளம்) சாலையைத் தொடும் அந்த ஒரு விரல் இடுக்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நடப்பது இதுதான். குளிரில் சாலையின் காங்கிரீட் பலகைகள் சுருங்க, அவற்றுக்கு நடுவே விடப்பட்ட இடுக்குகளான ஜாயின்ட்கள் வாய் திறக்கின்றன. சீலன்ட் (இடுக்கை மூடும் நெகிழும் பசை) போன ஜாயின்ட்டில் மணலும் பொடிக்கல்லும் இறங்கிவிடும். வெயிலில் பலகை விரியும்போது திரும்பி மூட இடமில்லை. அதனால் சாலை முழுவதுமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நீள்கிறது. காங்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. விரியும். 60 மீட்டர் சாலையில் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 18 மி.மீ. டிரைவ்வே ஓரத்தில் விடப்படும் ஜாயின்ட் வழக்கமாக 12 முதல் 25 மி.மீ. தான். அது தீர்ந்த பிறகு சாலை டிரைவ்வேயைத் தள்ளும், டிரைவ்வே வீட்டைத் தள்ளும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள்

*சாலை காங்கிரீட்டா, தாரா?* தார்ச் சாலை வெயிலில் இளகிக் கொடுக்கும். வீட்டைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் சேராது. தார்ச் சாலை என்றால் கீழே "சாலைத் தள்ளல்" என்று வரும் இடங்களை விட்டுவிட்டு மண், தண்ணீர், வேர் பக்கம் பாருங்கள். காங்கிரீட்டின் மேல் மெல்லிய தார் மட்டும் போர்த்தியிருந்தால் அது காங்கிரீட் சாலையாகவே கணக்கு. தார்ப் பரப்பில் ஒரே சீரான தூரத்தில் குறுக்கு விரிசல்கள் தெரிந்தால் அடியில் பலகை ஜாயின்ட்கள் இருக்கின்றன என்று பொருள்.

*வீடு எங்கே இருக்கிறது?* வளைவின் வெளிப்பக்கம், சாலை வந்து முட்டும் முச்சந்தி, முட்டுச்சந்தின் கடைசி, சரிவின் அடிவாரம் ஆகிய நான்கு இடங்களில்தான் தள்ளல் அதிகம். நேரான சாலையின் நடுவில், பக்கவாட்டில் இருக்கும் வீட்டுக்கு இது அரிது. அங்கே விரிசல் என்றால் முதலில் வேறு காரணம் தேடுவதுதான் சரி.

கையில் வேண்டியவை: 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல், பழைய ஸ்க்ரூடிரைவர், 10 மீட்டர் கொத்தனார் நூல், தூக்குக்குண்டு, ஒரு மீட்டர் ரசமட்டம், டேப், சின்னச் சுத்தியல், பென்சில். ஒவ்வொரு அளவையும் தேதி, நேரம், வெயிலா குளிரா என்பதோடு எழுதி வையுங்கள். மதியம் 2 மணிக்கு எடுத்த அளவை இன்னொரு நாள் காலை 6 மணி அளவோடு ஒப்பிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான்.

## அறிகுறி: சாலை ஓரத்து ஜாயின்ட் மூடிவிட்டது, அல்லது அடைப்பு பிதுங்கி நிற்கிறது

இதுவே எல்லாவற்றுக்கும் முதல் அறிகுறி. இந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் சுவர் வரை போகாது.

ஜாயின்ட்டில் குப்பை சேர்ந்திருக்கிறதா? ஸ்க்ரூடிரைவர் நுனியால் நான்கைந்து இடத்தில் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் ஜாயின்ட்டில் வைத்த நெகிழும் அடைப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கரகரவென்று 20 மி.மீ. ஆழத்தில் நின்றால் மண்ணும் கல்லும் நிறைந்திருக்கின்றன. குளிர்ந்த காலையில், இடுக்கு வாய் திறந்திருக்கும்போது, கொக்கிக் கம்பியால் கிளறி காங்கிரீட் பலகையின் முழு ஆழம் வரை சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் உலர விடுங்கள். இடுக்கைவிடக் கால் பங்கு தடிமனான நுரைக் கயிறை உள்ளே அழுத்தி (12 மி.மீ. இடுக்குக்கு 15 மி.மீ. கயிறு), மேலே தானே மட்டமாகும் பாலியூரித்தேன் சீலன்ட் ஊற்றுங்கள். சீலன்ட் ஆழம் அகலத்தில் பாதி போதும். மேல்மட்டம் தரையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். தரைக்குச் சமமாக ஊற்றினால் வெயிலில் பிதுங்கி, டயரில் ஒட்டிப் பிய்ந்து வந்துவிடும்.

யாராவது சிமென்ட் பூசி மூடியிருக்கிறார்களா? புல் முளைக்கிறது, எறும்பு வருகிறது என்று ஜாயின்ட்டைக் கலவையால் அடைப்பது வெகு சாதாரணம். அடைத்த அன்றே ஜாயின்ட் செத்துவிட்டது. உளியால் முழு ஆழத்துக்கும் எடுத்துவிட்டு மேலே சொன்னபடி நிரப்புங்கள். மேலே மட்டும் கீறி எடுத்தால் அடியில் முட்டிக்கொண்டேதான் இருக்கும்.

சாலை ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டதா? டிரைவ்வேக்கு இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் ஓரக்கல்லை ஒட்டி நூல் இழுங்கள். டிரைவ்வே எதிரில் ஓரக்கல் வீட்டுப் பக்கம் உள்வாங்கியிருந்தால் தள்ளுவது சாலை. சாலைப் பக்கம் பிதுங்கியிருந்தால் தள்ளுவது உங்கள் டிரைவ்வேதான். ஜாயின்ட்டே விடாமல் வார்த்த நீண்ட டிரைவ்வேக்களில் இப்படி நடக்கும். வளைந்த சாலையில் நூல் உதவாது. அங்கே ஓரக்கல் ஜாயின்ட்களில் ஒரு கல் முன்னும் அடுத்தது பின்னுமாகப் படி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சாலை தள்ளுகிறது என்று உறுதியானால் குப்பை எடுப்பது மட்டும் போதாது. கீழே "தளர்வு வெட்டு" பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: டிரைவ்வே பலகை கூடாரம் போல எழும்பியது, ஓரம் நொறுங்கியது

எழும்பிய இடத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து இருபுறமும் இடைவெளியை அளந்து, எழும்பிய காலத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காலம்தான் இங்கே காரணத்தைச் சொல்லும்.

*ஒரு பக்கம் மட்டும், மரம் இருக்கும் திசையில், ஆண்டு முழுவதும் மெல்ல மெல்ல:* வேர். பலகை ஓரத்தில் ஒரு முழம் தோண்டினாலே தெரிந்துவிடும். தடித்த வேரை வெட்டும் முன் மரம் சாயாதா என்று மரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

*மழைக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்குகிறது:* அடியில் ஊதும் களிமண். கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது, அடியில் குழாய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரவு படுக்கும்போதும் காலையிலும் மீட்டரைப் பாருங்கள். எண் நகர்ந்தால் கசிவு.

*உறைபனி விழும் ஊரில், குளிரில் ஏறி வசந்தத்தில் இறங்குகிறது:* மண்ணில் உறைந்த நீர். வடிகால்தான் மருந்து.

*முதல் கடும் வெயில் நாட்களில், சில சமயம் ஒரே மதியத்தில் "டப்" என்ற சத்தத்தோடு:* அழுத்தத்தால் உடைந்தது. ஜாயின்ட்டின் இரு ஓரமும் மேல்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். குளிர் வந்தாலும் பழைய மட்டத்துக்கு முழுதாக இறங்காது. இது சாலைத் தள்ளல், அல்லது ஜாயின்ட் இல்லாத டிரைவ்வே.

கூடாரமாக நிற்கும் பலகையை மேலிருந்து இடித்து இறக்க வேண்டாம். அடியில் வெற்றிடம் இருக்கும், அழுத்தமும் இன்னும் தேங்கியிருக்கும். உடையும் துண்டு துள்ளும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு காங்கிரீட் வெட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கார் ஷெட் வாசலில் படி விழுந்தது

டிரைவ்வே தாழ்ந்து, ஷெட் தரை உயர்ந்து நிற்கிறது. இது தள்ளல் இல்லை, இறக்கம். அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் சரியாகத் திம்சு போடப்படாமல் அமர்ந்திருக்கும், அல்லது தண்ணீர் மண்ணை அரித்திருக்கும். சுத்தியலால் அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். மண் தாங்கும் இடத்தில் கட்டையான ஒலி, வெற்றிடத்தில் குடம் போன்ற ஒலி. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். பிறகு துளையிட்டுக் கூழ்க் கலவையோ நுரையோ செலுத்தித் தூக்கலாம், இல்லை பெயர்த்து வார்க்கலாம். பலகை மூன்று நான்கு துண்டாக உடைந்திருந்தால் தூக்குவது வீண் செலவு.

டிரைவ்வே ஷெட் தரைமேல் ஏறி நிற்கிறது. ஏறிய முனைக்கு அடியில் ஸ்கேலை நுழையுங்கள். ஸ்கேல் தங்குதடையின்றிப் போய், மறுமுனையில் சாலை ஜாயின்ட்டும் மூடியிருந்தால், டிரைவ்வே நகர்ந்து வந்து ஏறியிருக்கிறது. ஸ்கேல் போகாமல் அடியில் மண் இறுகியிருந்தால் மண் ஊதியிருக்கலாம். மேலே சொன்ன கால வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஏறிய முனையைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கினால் தடுக்கி விழுவது நிற்கும். தள்ளல் நிற்காது.

## அறிகுறி: பேவர் பிளாக் டிரைவ்வேயில் வரிசை வளைந்தது

இங்கே சாலையைச் சந்தேகிப்பது கடைசி. பேவருக்கு நடுவில் 2 முதல் 5 மி.மீ. மணல் இடுக்கு இருப்பதால் அழுத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். முதல் காரணம் ஓரக்கட்டு தளர்ந்தது. கற்கள் வெளியே நடக்கின்றன. இரண்டாவது, மணல் கழுவிப்போய் இடுக்கு காலியானது. மூன்றாவது, படுக்கை மணல் தடிமன்; 25 முதல் 40 மி.மீ. இருக்க வேண்டியது, மட்டம் சரிக்கட்ட 80 வரை கொட்டப்பட்டிருக்கும். சக்கரம் திரும்பும் இடத்தில் மட்டும் வளைவு என்றால் அதுதான். ஓரக்கட்டைக் காங்கிரீட் வைத்து நிறுத்தி, வளைந்த பகுதியை எடுத்து மீண்டும் பதித்தால் தீர்ந்தது.

## அறிகுறி: கார் ஷெட் முன்பக்கச் சுவரிலும் தூணிலும் விரிசல்

அதிகம் குழப்புவது இதுதான். விரிசலின் அகலத்தைவிட அதன் போக்கையும் சுவர் சாய்ந்த திசையையும் முதலில் பாருங்கள்.

ஷெட் கதவின் இரு தூண்களிலும் இரண்டு மீட்டர் உயரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேலேயும் தரையருகிலும் சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். அடி உள்பக்கம் போயிருந்தால் தரைமட்டத்தில் ஏதோ தள்ளியிருக்கிறது. அடி அப்படியே இருந்து மேல்பகுதி வெளியே சாய்ந்திருந்தால் முன் அஸ்திவாரம் இறங்குகிறது. அடுத்து கதவுத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். கதவு முன்பு சரியாக மூடி, இப்போது இடிக்கிறது என்றால் இந்த இரண்டு அளவும் சமமாக இருக்காது.

*பூச்சில் மட்டும் வலை போன்ற மெல்லிய கோடுகள்:* பூச்சுச் சுருக்கம். ஓர் இடத்தில் பூச்சைத் தட்டி எடுத்து, உள்ளே செங்கல்லில் விரிசல் இல்லை என்று உறுதிசெய்தால் கவலையை விடுங்கள்.

*கதவு மூலையிலிருந்து சாய்வாக மேலே போவது, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறுவது:* பெரும்பாலும் மண் இறக்கம். குழாய்க் கசிவு, கூரைத் தண்ணீர், அருகில் புதிதாகத் தோண்டிய பள்ளம் என்று எளியதிலிருந்து தேடுங்கள்.

*பக்கச் சுவரில், முன் மூலையை ஒட்டி நேர்குத்தாக, தரையருகில் அகலமாக:* தள்ளல். கூடவே ஷெட்டின் உள்தரையையும் பாருங்கள். வாசலை ஒட்டிக் குறுக்கு விரிசல், பின்சுவரோரம் தரை நெருக்கி நொறுங்கிய தடம் இரண்டும் இருந்தால் தரையே பின்னால் நகர்கிறது.

நகர்வு இன்னும் நடக்கிறதா? விரிசலின் இருபக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைவெளியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில் அளங்கள். கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய முறை. உடைந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. குறைந்தது ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அளவு வேண்டும். குளிரில் அகன்று வெயிலில் அதே அளவுக்கு மூடுவது சாதாரண வெப்ப விரிசல். நெகிழும் சீலன்ட் போதும். ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கூடி, குளிரில் பழைய இடத்துக்குத் திரும்பாதது தள்ளல்.

காத்திருக்காமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியவை: விரிசல் 5 மி.மீ. தாண்டியது; ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முன்னால் துருத்தியது; லிண்டலில் விரிசல்; முகப்புச் செங்கல் அடுக்கு சுவரைவிட்டு விலகியது; எரிவாயுக் குழாயோ மின்குழாயோ சுவர் நுழையும் இடத்தில் வளைந்தது. கடைசியாகச் சொன்னதில் அன்றே எரிவாயு வால்வை மூடுங்கள். நீர்க்கசிவு மருந்து விற்பவர் "இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்" என்று வந்தால், அவர் கண்ணுக்கு எல்லா விரிசலும் அவர் விற்கும் மருந்து கேட்பதாகவே தெரியும். விற்பனை இல்லாத பொறியாளரிடம் காசு கொடுத்து எழுத்தில் வாங்குவதே லாபம்.

## அறிகுறி: நிலத்தடி அறைச் சுவர் உள்ளே தொந்தி போடுகிறது

டிரைவ்வேயோ ஷெட் தரையோ முட்டும் சுவரில், தரைப்பலகை இருக்கும் உயரத்திலேயே கிடைமட்ட விரிசல் ஓடினால், பலகை சுவரைத் தள்ளுகிறது. விரிசல் சுவரின் நடு உயரத்தில், டிரைவ்வே இல்லாத சுவர்களிலும் இருந்தால் வெளி மண்ணும் தேங்கிய தண்ணீரும் தள்ளுகின்றன. சுவரின் மேலிருந்து கீழாக நூல் கட்டி, நடுவில் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அளங்கள்.

இங்கே வீட்டுக்காரர் செய்யக்கூடியது அளப்பதும், மழைநீரைச் சுவரைவிட்டுத் தள்ளி விடுவதும் மட்டும். 25 மி.மீ. வளைவு தெரிந்தாலோ, எந்த அளவானாலும் கூடிக்கொண்டே போனாலோ பொறியாளர்தான். உள்ளிருந்து எபாக்ஸி ஏற்றி விரிசலை மூடுவது, வெளியே தள்ளுவது நின்ற பிறகு செய்யும் வேலை. முன்பே செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் வரும்.

## தளர்வு வெட்டு: தள்ளல் உறுதியானால் செய்வது

டிரைவ்வேயின் குறுக்கே, முழு அகலத்துக்கும், பலகையின் முழு ஆழத்துக்கும் ஒரு பட்டையை எடுத்துவிடுவதே வேலை. பாதி ஆழம் வெட்டுவது விரிசலுக்குக் கோடு போட்டுக் கொடுப்பதுதான், அழுத்தம் குறையாது.

எங்கே வெட்டுவது? சாலைப் பக்கம், உங்கள் எல்லைக்குள், ஓரக்கல்லுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஷெட் வாசலில் மட்டும் வெட்டினால் முழு டிரைவ்வேயும் வழுக்கி வந்து அந்த இடத்தையும் தின்றுவிடும். இரண்டு இடத்திலும் வெட்டினால் இன்னும் நல்லது. ஓரக்கல்லுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட துண்டு பெரும்பாலும் சாலையைப் பராமரிப்பவர்களுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் தொட வேண்டாம்.

எவ்வளவு அகலம்? 50 முதல் 100 மி.மீ. ஒற்றை வெட்டில் கிடைக்கும் 4 மி.மீ. இடைவெளி ஒரு கோடைகூடத் தாங்காது.

வெட்டும் முன் அடியில் போகும் தண்ணீர், எரிவாயு, மின்சார, கேபிள் வழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுக் கோட்டின் இருபக்கமும் 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளை ஒட்டி அளவு எடுங்கள். வெட்டி முடித்ததும் திரும்ப அளங்கள். இடைவெளி உடனே குறைந்தால் அழுத்தம் தேங்கியிருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

350 மி.மீ. பிளேடு சுமார் 120 மி.மீ. ஆழம் வெட்டும். 150 மி.மீ. பலகைக்கு 450 மி.மீ. பிளேடு வேண்டும். குளிர்ந்த காலையில், தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும்; உலர் வெட்டில் கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலுக்கு எமன். அழுத்தம் தேங்கிய பலகை, வெட்டும்போதே மூடி பிளேடைக் கவ்வும். கவ்விய இயந்திரம் ஆள்மேல் எகிறும். வாடகைக்கு இயந்திரம் எடுத்து நாமே வெட்டிவிடலாம் என்பது இந்த ஒரு வேலைக்குப் பொருந்தாது. 30 மி.மீ. ஆழமாகப் படிப்படியாக, ஆப்பு வைத்து வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

பட்டையை உடைத்து எடுத்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளையும் அறுத்துவிடுங்கள். ஒரு கம்பி பாலமாக நின்றாலும் தள்ளலைக் கடத்தும். நிரப்புவதற்கு அமுங்கி மீளும் மூடிய நுரைப் பட்டை, மேலே சீலன்ட் உறை. சக்கரம் ஏறும் இடம் என்பதால் தார்க்கலவை நிரப்புவோரும் உண்டு. அது பிதுங்கும், பிதுங்கியதைச் செதுக்கி எடுத்தால் ஆயிற்று. மணல், ஜல்லி, சிமென்ட் மூன்றும் கூடவே கூடாது.

இதன் பிறகு ஒரு முழுக் கோடை காத்திருந்து ஆணி அளவுகளைப் பாருங்கள். சுவர் ஆணிகள் அசையாமல் இருந்தால்தான் சுவர் விரிசலை நிரந்தரமாக அடைக்க வேண்டும். வெட்டுக் கோட்டு ஆணிகளின் இடைவெளி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும், அது எதிர்பார்த்ததே. பட்டையின் அகலம் பாதியானதும் அடுத்த வெட்டுக்குத் தயாராகுங்கள்.

சாலை ஜாயின்ட்களைச் சுத்தம் செய்து சீலன்ட் போடுவதும், சாலையிலேயே தளர்வு ஜாயின்ட் வெட்டுவதும் சாலைக்குப் பொறுப்பானவர்கள் வேலை. மனு கொடுக்கும்போது ஸ்கேல் வைத்து எடுத்த தேதியிட்ட படங்கள், உள்வாங்கிய ஓரக்கல்லின் நூல் அளவு, ஆணி அளவுப் பட்டியல், இதே வளைவில் உள்ள மற்ற வீடுகளின் ஜாயின்ட் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஒரு வீட்டு விரிசல் என்றால் "உங்கள் கட்டுமானக் கோளாறு" என்று திருப்பிவிடுவார்கள். வரிசையாக ஐந்து வீட்டு வாசலில் ஒரே பக்கம் ஜாயின்ட் மூடியிருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.